ஜெயிக்கிற டீமுக்கு ஜோனல்ஸ் எதுக்கு?

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்க. வழியில் வரும் காலேஜ் போர்டுகளை எண்ணிக்கொண்டே போங்க. தண்டலம் வருவதற்குள் ஒரு கை விரல் போதாது. தண்டலம் தாண்டி, ஹூண்டாய் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையையும் தாண்டி, பென்னலூர் வரும்போது ரெண்டு கையும் நிறைந்துவிடும். ரோட்டில் பாதி கம்பெனி ஷிப்ட் பஸ், மீதி காலேஜ் பஸ். அந்த காலேஜ் பஸ்ஸில் நாலு மணிக்கு ஏறாமல் கிரவுண்டில் தங்கிவிடும் கூட்டம் ஒன்று எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தோளில் பை, கையில் ஆரஞ்சு நிறப் பந்து. இந்தக் கட்டுரை அவங்களுக்கும், அவங்க மேட்சுக்குக் கைதட்டப் போகிற உங்களுக்கும்.

வருஷா வருஷம் ஜோனல்ஸ் வரும்போது இவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். "எப்படியும் நாமதான்டா ஜெயிப்போம். இதுக்கு எதுக்கு மூணு நாள் ஓ.டி. போட்டு, இன்டர்னல்ஸ் மிஸ் பண்ணி, வெயில்ல காயணும்? நேரா பெரிய டோர்னமென்ட் ஆடினாப் போதாதா?" நல்ல டீம் உள்ள காலேஜில்தான் இந்தப் பேச்சு வரும். சுமாரான டீமுக்கு இந்தக் கவலை கிடையாது. அவங்களுக்கு முதல் ரவுண்டே ஃபைனல்!

பேச்சில் நியாயம் இருக்கா? கொஞ்சம் இருக்கு. ஆனால் முழுசா இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே ரோடு, ரெண்டு ஏணி

முதலில் வழி எப்படிப் போகிறது என்று தெரியணும். தண்டலத்தில் இருக்கும் ராஜலட்சுமி இன்ஜினீயரிங் காலேஜ், சவீதா இன்ஜினீயரிங் காலேஜ் ரெண்டுமே அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதே தண்டலத்தில் இருக்கும் சவீதா மெடிக்கல் காலேஜும் சவீதா ஸ்கூல் ஆஃப் இன்ஜினீயரிங்கும் சவீதா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். விளையாட்டு என்று வந்துவிட்டால் ரெண்டும் வேறு வேறு ஏணி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். அத்தனை பேரையும் ஒரே கிரவுண்டில் இறக்க முடியாது. அதனால் மண்டலம் மண்டலமாகப் பிரித்து ஆடவைக்கிறார்கள். அதுதான் நாம் செல்லமாகச் சொல்லும் 'ஜோனல்ஸ்'. மண்டலத்தில் முன்னுக்கு வந்தவர்களுக்கு அடுத்தது இன்டர்-ஜோன். இந்த ஆட்டங்களில் கண்ணில் பட்டவர்கள், தேர்வு முகாமில் தேறியவர்கள் என்று வடிகட்டி, கடைசியில் பல்கலைக்கழக அணி என்று 12 பேர் நிற்பார்கள். 400 கல்லூரிக்கு 12 பேர். கணக்குப் போட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் படிகள் கிடையாது. அதுவே ஒரு பல்கலைக்கழகம். தன் வளாகத்துக்குள்ளேயே அணியைத் தேர்ந்தெடுத்து, நேராகத் தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்பலாம். சென்னையைச் சுற்றியுள்ள எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, இந்துஸ்தான் எல்லாம் இந்த வகைதான். சாயங்காலம் ஒரே டீக்கடையில் நிற்கும் ரெண்டு பேரில் ஒருத்தன் ஏணியின் முதல் படியிலிருந்து ஏறுகிறான்; இன்னொருத்தன் நடுப்படியில் இருந்து தொடங்குகிறான்.

இது அநியாயம் என்று உடனே கொதிக்க வேண்டாம். நடுப்படியில் தொடங்குபவனுக்கும் ஒரு குறை உண்டு. அதற்கு அப்புறம் வருவோம்.

அமெரிக்காவில் இதே சண்டை

இந்தக் கேள்வி தண்டலத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. காலேஜ் பாஸ்கெட்பாலைத் திருவிழா மாதிரி கொண்டாடும் அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச்சிலும் இதே விவாதம்தான். அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. நம்ம மண்டலம் மாதிரி. சீசன் முடிவில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்குள்ளும் ஒரு டோர்னமென்ட். அதில் ஜெயித்த அணிக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம்.

2011 முதல் அந்தத் தேசியப் போட்டியில் 68 ஆண்கள் அணிகள். அதில் பாதிக்கும் குறைவான இடங்கள்தான் கான்ஃபரன்ஸில் ஜெயித்தவர்களுக்கு. மீதி இடங்களை ஒரு தேர்வுக்குழு, சீசன் முழுக்க யார் எப்படி ஆடினார்கள் என்று பார்த்துக் கொடுக்கிறது. ஆக, பெரிய அணிக்குப் பின்கதவு ஒன்று திறந்தே இருக்கிறது. கான்ஃபரன்ஸில் தோற்றாலும் குடி முழுகிப்போகாது. 'அப்புறம் எதுக்கு உயிரைக் கொடுத்து ஆடணும்?' என்று அங்குள்ள ரசிகர்கள் கேட்பது இதனால்தான்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது? 2015 முதல் 2025 வரை, கொரோனாவால் நின்றுபோன 2020-ஐ விட்டுவிட்டால், 10 தேசிய சாம்பியன்கள். அதில் கான்ஃபரன்ஸ் கோப்பையையும் சேர்த்து வாங்கியது நாலே பேர்: 2018 வில்லனோவா, 2022 கான்சாஸ், 2024 கனெக்டிகட், 2025 ஃப்ளோரிடா. மற்ற ஆறு சாம்பியன்களும் கான்ஃபரன்ஸில் தோற்றுவிட்டுத்தான் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். 2012-ல் கென்டக்கி கதையும் அதேதான். கான்ஃபரன்ஸ் ஃபைனலில் வாண்டர்பில்ட்டிடம் தோல்வி. அடுத்த சில வாரத்தில் தேசிய சாம்பியன்!

அப்போ விவாதம் முடிந்ததா? பொறுங்க. 2011-ல் கனெக்டிகட் அணி தன் கான்ஃபரன்ஸில் ஒன்பதாவது இடத்தில் கிடந்தது. டோர்னமென்ட்டில் ஐந்து நாளில் ஐந்து மேட்ச் ஆடி ஐந்தையும் ஜெயித்தது. அந்தச் சூட்டோடு போய் தேசியக் கோப்பையையும் தட்டிக்கொண்டு வந்தது. 2024-ல் வட கரோலினா ஸ்டேட் அணியின் நிலைமை இன்னும் மோசம். கடைசி நாலு ஆட்டத்திலும் தோல்வியோடு டோர்னமென்ட்டுக்குள் வந்தார்கள். அங்கே ஐந்து நாளில் ஐந்து வெற்றி. அப்புறம் தேசியப் போட்டியின் கடைசி நாலு வரை போய்தான் நின்றார்கள்.

ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. மேலே இருப்பவனுக்குத் தோல்வி பெரிய நஷ்டம் இல்லை. கீழே கிடப்பவனுக்கு வெற்றி பெரிய லாபம். ஒரே டோர்னமென்ட், ஆளுக்கு ஒரு அர்த்தம்.

ஒரு கால் உடைந்த கதை

"லாபம் இல்லைன்னா பரவாயில்ல பாஸ், நஷ்டம் வந்தா?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்கும் ஒரு கதை உண்டு.

2000-ஆம் வருஷம். நாட்டின் நம்பர் ஒன் அணி சின்சினாட்டி. அதன் தூண் கென்யன் மார்ட்டின். அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரர் என்று பேர் வாங்கியவர். கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்டில் செயின்ட் லூயிஸ் அணியுடன் ஆடும்போது அவர் கால் எலும்பு முறிந்தது. மேட்சிலும் தோல்வி. தூண் சாய்ந்த பிறகு கூரை எத்தனை நாள் நிற்கும்? தேசியப் போட்டியின் ரெண்டாவது ரவுண்டிலேயே டல்சாவிடம் தோற்று அணி வெளியேறியது. மார்ட்டின் தப்பித்தார். அதே வருஷம் என்.பி.ஏ.வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஆனால் அவரோடு ஆடிய மற்ற பசங்களுக்கு அந்தக் கோப்பை கனவாகவே முடிந்தது.

நம்ம ஊரில் என்.பி.ஏ. வந்து கூப்பிடப் போவதில்லை. முழங்கால் போச்சு என்றால் அந்த வருஷமே போச்சு. அதுவும் சிமென்ட் தரையில் விழுந்து எழுகிற நமக்கு இந்தப் பயம் ரொம்பவே நியாயமானது. அதனால் 'ஸ்டார் பிளேயரை ஜோனல்ஸில் ஏன் வீணாக்கணும்?' என்று ஒரு கேப்டன் கேட்டால் அவரைச் சோம்பேறி என்று திட்டாதீங்க. அவர் கேள்வி சரி. பதில்தான் வேற.

நமக்குப் பின்கதவு எங்கே?

அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே பின்கதவு அணிக்கு. இங்கே பின்கதவு ஆளுக்கு.

நம்ம ஜோனல்ஸ் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். 'இவங்க நல்ல டீம்தான், ஏதோ அன்னிக்கு சரியா ஆடல' என்று சொல்லி உள்ளே இழுத்துவிட எந்தக் குழுவும் கிடையாது. காலேஜ் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் சரி. அதனால் 'நேரா பெரிய டோர்னமென்ட்டுக்குப் போயிடலாம்' என்ற பேச்சு இங்கே செல்லாது. இணைப்புக் கல்லூரிக்கு இதுதான் வாசல்.

ஆனால் அணி தோற்றாலும், அதில் நல்லா ஆடின ஒருத்தனைப் பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கூப்பிடலாம். 12 பேரில் ஒருத்தனாக அவன் போகலாம். காலேஜ் வீட்டுக்கு, பையன் தென் மண்டலத்துக்கு! இந்தக் கதவு அமெரிக்காவில் இல்லை. அங்கே அணி தோற்று வெளியேறினால் அதன் வீரன் வேற ஜெர்சி போட்டுக்கொண்டு தேசியப் போட்டி ஆட முடியாது.

தென் மண்டலப் போட்டிக்குப் போன பிறகும் கதை சுவாரஸ்யமானது. வழக்கமாக அது நாக்-அவுட்டும் லீக்கும் கலந்தது. 64 பல்கலைக்கழகங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாலுக்குள் வர வரிசையாக நாலு மேட்ச் ஜெயிக்கணும். ஒன்றில் சறுக்கினாலும் ரயில் டிக்கெட் ரெடி. அந்த நாலு பேரும் பிறகு ஒருவரோடு ஒருவர் லீக் ஆடுவார்கள், ஆளுக்கு மூணு மேட்ச். இதில் ஒரு வேடிக்கை: நாலு மண்டலத்திலிருந்தும் நாலு நாலு அணி என்று அகில இந்தியப் போட்டிக்கு 16 அணிகள் போகும். அதாவது லீக் தொடங்கும் முன்பே நாலு பேருக்கும் டிக்கெட் உறுதி. மூணு மேட்ச்சும் தோற்றாலும் நாலாவது இடத்தோடு போகலாம்.

'இந்த மூணு மேட்ச் எதுக்கு?' என்பதுதான் உண்மையான கேள்வி. முதலிடம் வந்தால் கோப்பை. அகில இந்தியப் போட்டியின் அட்டவணையில் யாரை எங்கே வைப்பது என்பதற்கும் மண்டல இடம் கணக்கில் வரும். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. அது ஸ்கோர் போர்டில் தெரியாது. பென்ச்சில் உட்கார்ந்திருக்கும்.

200 நிமிஷக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் மாதிரி இருக்காது.

ஒரு மேட்ச் 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிஷம். கோர்ட்டில் ஐந்து பேர். ஆக ஒரு அணிக்கு ஒரு மேட்சில் 200 ஆள்-நிமிஷம். முதல் ஐந்து பேரும் முழு மேட்ச்சும் ஆடினால் பென்ச்சில் உள்ள ஏழு பேருக்கு மிச்சம் பூஜ்ஜியம். முதல் ஐந்து பேர் 30 நிமிஷம் ஆடினால் 150 போக மிச்சம் 50. ஏழு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஏழு நிமிஷம் சொச்சம். நாலு மேட்சில் அரை மணி நேரத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

"அரை மணி நேரம் ஒரு விஷயமா?" என்றால், ஆமாம் பாஸ். பாஸ்கெட்பாலில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. அகில இந்தியப் போட்டியில் மூணாவது குவார்ட்டரில் உங்க சென்டருக்கு நாலு ஃபவுல். கோச் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தே ஆகணும். உள்ளே போகிறவன் அந்த சீசனில் நிஜமான எதிராளி முன்னாடி ஒரு ரீபவுண்டுகூட எடுத்ததில்லை என்றால் என்ன ஆகும்? கை நடுங்கும். பிராக்டிஸில் கண்ணை மூடிக்கொண்டு போடும் லே-அப் ரிங்கில் பட்டுத் திரும்பும். எதிர் டீம் அவனையே குறிவைத்து ஆடும். அங்கேதான் பெரிய டீம்கள் தோற்கின்றன. ஸ்டார் பிளேயர் சரியாக ஆடாததால் அல்ல, ஏழாவது ஆளுக்கு ஆட்டம் பழகாததால்.

அந்தப் பழக்கம் பிராக்டிஸில் வராது. உங்க டீமுக்குள்ளேயே ஆடும்போது எதிராளி உங்க நண்பன். அவன் இடது பக்கம்தான் திரும்புவான் என்று உங்களுக்குத் தெரியும். கேலரியில் யாரும் "ஓஓஓ" என்று கத்தமாட்டார்கள். விசில் அடிப்பவர் உங்க பி.டி. சார். அந்நிய மைதானத்தில், தெரியாத ரெஃப்ரி முன்னாடி, தோற்றால் வீடு என்ற நிலையில் ஆடும் பத்து நிமிஷம் பத்து நாள் பிராக்டிஸுக்குச் சமம்.

முதலில் சொன்னேனே, நடுப்படியில் தொடங்குபவனுக்கும் ஒரு குறை என்று. அது இதுதான். இணைப்புக் கல்லூரிப் பையன் தென் மண்டலத்துக்கு வரும்போது ஜோனல்ஸ், இன்டர்-ஜோன் என்று பல நாக்-அவுட் பார்த்துவிட்டு வருகிறான். நிகர்நிலைப் பல்கலைக்கழக அணிக்கு அந்த ஆட்டங்கள் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் நல்ல அணிகள் அழைப்புப் போட்டிகளைத் தேடித் தேடி ஆடுகின்றன. சென்னை லயோலாவின் பெர்ட்ரம் நினைவுப் போட்டி, கோவையில் பி.எஸ்.ஜி. டிராபி, பெரியகுளத்தின் கோடைக்கால அகில இந்தியப் போட்டி என்று தமிழ்நாட்டில் பாஸ்கெட்பாலுக்குத் தனி காலண்டரே உண்டு. ஆடாத டீம் வளராது. இது ஏணியின் எந்தப் படியில் நிற்பவனுக்கும் பொருந்தும்.

ஒரு பேப்பரின் விலை

இனி கொஞ்சம் சீரியஸாகப் பேசுவோம். வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி: "பந்து வெளையாடினா சோறு போடுமா?"

ஜோனல்ஸ் சர்டிஃபிகேட் மட்டும் போடாது. அதை முதலில் ஒத்துக்கொள்ளணும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு 'படிவம்-3' என்று ஒன்று கேட்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் உங்க பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர் நீங்கள் என்று பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பேப்பர். காலேஜுக்காக எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் அது இந்தப் பேப்பர் ஆகாது. ரயில்வேயில் சில நிலை வேலைகளுக்கு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருப்பது ஒரு தகுதி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சென்னையில் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எல்லாம் பாஸ்கெட்பால் அணி வைத்து ஆடவைத்த நிறுவனங்கள். 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் அணி ஆட்டங்களுக்கு, அகில இந்தியப் போட்டியின் முதல் எட்டு அணிகளுக்குத்தான் இடம்.

இப்போ திரும்பிப் பாருங்க. இத்தனைக்கும் தொடக்கம் எது? பல்கலைக்கழக ஜெர்சி. அதற்குத் தொடக்கம்? தேர்வு முகாம். அங்கே உங்க பேரைக் கொண்டுபோவது? ஜோனல்ஸ். பேப்பராகப் பார்த்தால் ஜோனல்ஸின் மதிப்பு குறைவு. கதவாகப் பார்த்தால் அதைவிட்டால் வேற கதவே இல்லை.

டீமில் முதல் ரெண்டு பேருக்கு இந்தக் கவலை குறைவு. அவங்க ஏற்கெனவே ஸ்டேட் ஆடியிருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலேயே சீட் வாங்கி வந்திருப்பார்கள். பி.டி. சார் முதல் அடுத்த காலேஜ் கோச் வரை எல்லோருக்கும் அவங்க பேர் தெரியும். ஜோனல்ஸ் இல்லாவிட்டாலும் அவங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் போவது யாரை? உள்ளூர் அரசுப் பள்ளியில் உயரமாக இருக்கிறான் என்று பந்தைக் கையில் கொடுத்து, காலேஜ் வந்து இரண்டாம் வருஷத்தில் ஆட்டம் பிடிபட்ட அந்த ஏழாவது ஆளை. அவனுக்கு ஜோனல்ஸின் அந்த ஏழு நிமிஷம்தான் நேர்முகத் தேர்வு.

பெண்கள் அணிக்கு இது ரெண்டு மடங்கு உண்மை. உங்க காலேஜ் பெண்கள் டீமில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. 12 தேறுகிறதா? ஜோனல்ஸ்தான் அவங்களுக்கு வருஷத்தின் பெரிய மேட்ச் என்றால், அதை 'சும்மா ஒரு போட்டி' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சென்னையில் பிறந்து 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன் ஆகி, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை இதே மாநிலத்துக்காரர்தான். அந்த உயரத்துக்கு எல்லோராலும் போக முடியாது. ஆனால் நம்ம கோர்ட்டிலும் ஒரு பொண்ணு தொடங்க முடியும் என்பதற்கு அவர் பேர் போதும்.

சின்ன டீமின் பெரிய நாள்

பெரிய டீமின் ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கதை. 2018-ல் அமெரிக்காவில் யு.எம்.பி.சி. என்ற காலேஜ் அணி. அதிகம் பேர் கேள்விப்படாத பேர். கான்ஃபரன்ஸ் ஃபைனலில் வெர்மான்ட் அணியை அவங்க சொந்த மைதானத்திலேயே, கடைசி வினாடியில் போட்ட மூணு பாயின்ட் ஷாட்டில் தோற்கடித்தார்கள். அந்த மேட்ச்சில் தோற்றிருந்தால் தேசியப் போட்டிக்கே வந்திருக்க முடியாது. பின்கதவு அவங்களுக்கு இல்லை. வந்தார்கள். முதல் மேட்சே நாட்டின் நம்பர் ஒன் அணியான வர்ஜீனியாவுடன். தன் கான்ஃபரன்ஸ் கோப்பையை ஜெயித்துவிட்டு ஜம்மென்று வந்திருந்த வர்ஜீனியா! ஸ்கோர் 74-54. ஜெயித்தது யு.எம்.பி.சி. கடைசி வரிசை அணி ஒன்று முதல் வரிசை அணியை வீழ்த்தியது ஆண்கள் போட்டியில் அதுவரை நடக்காதது.

அடுத்த வருஷமே வர்ஜீனியா என்ன செய்தது தெரியுமா? கான்ஃபரன்ஸில் அரையிறுதியில் தோற்றது. தேசியக் கோப்பையை ஜெயித்தது! கோப்பை வாங்கிவிட்டு வந்த வருஷம் அவமானம், வாங்காமல் வந்த வருஷம் மகுடம். முந்தைய கோப்பை அடுத்த மேட்ச்சை ஆடித் தராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

நம்ம ஜோனல்ஸிலும் அப்படி ஒரு டீம் எந்த வருஷமும் வரலாம். ஒன்பது பேர், ரெண்டு செட் ஜெர்சி, பாட்டாவில் வாங்கின சாதா ஷூ. அவங்களுக்கு எதிராக நீங்கள் அலட்சியமாக ஆடினால் ரெண்டு தப்பு. ஒன்று, தோற்றுவிடுவீர்கள். ரெண்டு, தோற்காவிட்டாலும் அவங்களுக்கு நல்ல மேட்ச் ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பிவிடுவீர்கள். நல்ல டீமோடு மோதித்தானே அடுத்த நல்ல டீம் உருவாகும்?

சரி, என்னதான் செய்யலாம்?

கேப்டனா நீங்கள்? முதல் ஐந்து பேரைப் போட்டு முதல் குவார்ட்டரில் மேட்ச்சைக் கையில் எடுங்க. 15 பாயின்ட் முன்னால் போனதும் அவங்களை உட்காரவைங்க. 60 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்து யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஸ்டாரோட முழங்காலும் பத்திரம், ஏழாவது ஆளுக்கும் ஆட்டம்.

பென்ச்சில் இருப்பவரா? கடைசி ரெண்டு நிமிஷம்தானே என்று சுணங்காதீங்க. ஸ்கோர் பண்ண அவசரப்படாமல் டிஃபென்ஸ் ஆடுங்க. தேர்வாளர் கண் பந்து இருக்கும் இடத்தில் மட்டும் இருக்காது.

ஸ்டார் பிளேயரா? ஓய்வு கேட்பது தப்பில்லை. ஆனால் ஓய்வு என்றால் ஹாஸ்டலில் தூங்குவது இல்லை. பென்ச்சில் உட்கார்ந்து, உள்ளே ஆடும் ஜூனியருக்கு "டேய், இடது பக்கம் விடாதே" என்று கத்துங்க. அதுவும் ஆட்டம்தான்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கணும். ஒரே நாளில் ஒரு டீமுக்கு ரெண்டு நாக்-அவுட் வைக்காமல் நடுவில் ஒரு இரவாவது விடுங்க. காயங்களில் பாதி அந்த ரெண்டாவது மேட்சின் களைப்பில்தான் காத்திருக்கிறது. மழைக்காலத்தில் வைத்தால் தரை காய நேரம் கொடுங்க. ஓ.டி. லிஸ்ட்டை முன்கூட்டியே அனுப்பினால் இன்டர்னல்ஸ் சண்டையும் பாதி குறையும்.

மேட்ச் பார்க்கப் போகும் நீங்கள்? உங்க டீம் 25 பாயின்ட் முன்னால் இருக்கும்போது எழுந்து கேன்டீனுக்குப் போய்விடாதீங்க. பெரிய டீமுக்கு அந்தக் கடைசி குவார்ட்டர் முக்கியம் இல்லைதான். ஆனால் அப்போதுதான் 14-ஆம் நம்பர் ஜெர்சி போட்ட ஒருத்தன் முதல் தடவையாக உள்ளே வருவான். அவன் பேர் உங்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கத்துங்க.